எந்த நாணயம் செல்லும்?

கோரக்பூரிலிருந்து வடக்கே பஸ்ஸில் இரண்டு மூன்று மணி நேரம் போனால் ஸுனௌலி என்ற ஊர் வருகிறது. ஊர்க் கடைத்தெருவில் ஒரு பெரிய வளைவு நிற்கிறது. வளைவுக்கு இந்தப் பக்கம் இந்தியா. அந்தப் பக்கம் நேபாளம். மாடு தாண்டுகிறது, சைக்கிள் தாண்டுகிறது, தலையில் மூட்டையோடு பெண்கள் பேசிக்கொண்டே தாண்டுகிறார்கள். இரு நாட்டுக் குடிமக்களுக்கும் இந்த எல்லையைக் கடக்க விசா வேண்டியதில்லை. 2019-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் என் அத்தையும் நானும் ஒரு யாத்திரைக் கோஷ்டியோடு அப்படித்தான் தாண்டினோம். "அத்தை, வெளிநாட்டுக்கு வந்துவிட்டோம்" என்றேன். அத்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எங்கேடா?" என்று கேட்டாள்.

வெளிநாடு, வளைவைத் தாண்டி நாலாவது கடையில் இருந்தது. டீ குடித்துவிட்டு என்ன விலை என்று கேட்டேன். கடைக்காரர் விலையைச் சொல்லவில்லை. "ஐ.சி.யா, என்.சி.யா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். ரத்தப் பரிசோதனைக்காரர் மாதிரி எதையோ விசாரிக்கிறார் என்று விழித்தேன். பிறகுதான் விளங்கியது. ஐ.சி. என்றால் இந்தியப் பணம், என்.சி. என்றால் நேபாளப் பணம். இரண்டும் ரூபாய்தான், இரண்டும் அந்தக் கடையில் செல்லும். ஆனால் இந்திய ரூபாய் நூறு கொடுத்தால் நேபாள ரூபாய் நூற்று அறுபது. 1993-ஆம் ஆண்டிலிருந்து இந்தக் கணக்கு மாறவில்லை.

பிறகு நாங்கள் போன வழியெல்லாம் இந்த இரண்டு பணத்தையும் பார்த்தேன். கறிகாய்க்காரி மடியில் இரண்டும் இருக்கிறது. பஸ் கண்டக்டர் விரலிடுக்கில் காந்தி படம் போட்ட நோட்டும் எவரெஸ்டுச் சிகரம் போட்ட நோட்டும் அண்ணன் தம்பி போல மடிந்து கிடக்கின்றன. நம் ஊரில் பத்தாவது படித்த பிள்ளைகள் ஒன்று புள்ளி ஆறால் வகுக்கச் சொன்னால் பேனாவைத் தேடுவார்கள். இங்கே கடலை வறுக்கிற கிழவர், கரண்டியை நிறுத்தாமலே வகுத்துச் சொல்லிவிடுகிறார்.

கணக்கு அதிசயம் கிடக்கட்டும். என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. கடையில் ஒரு பொருளின் மேல் நூறு என்று எழுதியிருக்கிறது. எந்த நூறு என்று எழுதவில்லை. ஊருக்குப் புதிதான யாத்ரிகர் பையிலிருந்து இந்திய நோட்டு நூறு ரூபாயை எடுத்து நீட்டுகிறார். அவர் மனசில் கணக்குத் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் மனசில் தீரவில்லை. இனி அவர் அறுபது நேபாள ரூபாய் திருப்பித் தர வேண்டும். தராமல் போனால் கேட்பாரில்லை. ஏமாந்தோம் என்பதே ஏமாந்தவருக்குத் தெரியாது. போகராவில் ஒரு கடைக்காரர் அப்படி என்னிடம் சும்மா இருந்துவிட்டார். அடுத்த தெருவில் இன்னொருவர், நான் பாதி தூரம் போன பிறகு பையனை ஓடவிட்டு மிச்சத்தைக் கொடுத்தனுப்பினார். ஒரே நாள், ஒரே ஊர். ஒரே பணம் புழங்கும் ஊரில் ஏமாற்றுவதற்கு எடையைக் குறைக்க வேண்டும், சரக்கில் கலப்படம் செய்ய வேண்டும், ஏதாவது பாடுபட வேண்டும். இரண்டு பணம் புழங்கும் ஊரில் சும்மா இருந்தாலே போதும்.

நம் மொழியில் காசுக்கும் நாணயம் என்று பெயர். நேர்மைக்கும் நாணயம் என்று பெயர். அந்தக் கடைத்தெருவில் நடக்கும்போது, இந்த இரண்டு அர்த்தமும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்தது தற்செயல் இல்லை என்று தோன்றியது.

இரட்டைப் பணம் அந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் நேபாளத்தின் தென்பகுதியான தராய்ச் சமவெளியில் இந்திய ரூபாய்தான் ராஜா. கல்கத்தாவுக்கு நெல் போகும். துணியும் உப்பும் வரும். பணமும் அந்த வழியே வந்து போகும். சொந்த நாட்டுப் பணம் காட்மாண்டுப் பள்ளத்தாக்கிலும் மலைப் பகுதியிலும்தான் அதிகம் நடமாடிற்று. இரண்டுக்கும் இடையே விலை இன்று ஒன்று, நாளை ஒன்று என்று ஆடிக்கொண்டே இருந்தது. 1956-இல் நேபாள ராஷ்டிர பாங்க் ஏற்பட்டது. சொந்தப் பணத்தை நாடு முழுவதும் கொண்டு சேர்ப்பது அதன் முதல் வேலைகளில் ஒன்றாயிற்று. 1960-இல் நூற்றுக்கு நூற்று அறுபது என்று விலையைக் கட்டினார்கள். இடையில் அது பல தடவை மாறி, 1993-இல் திரும்பவும் நூற்று அறுபதுக்கே வந்து நின்றது. அதற்குள் நேபாளப் பணம் எங்கும் பரவிவிட்டது. ஆனாலும் இந்தியப் பணம் போய்விடவில்லை. எப்படிப் போகும்? வாங்குவது விற்பதெல்லாம் பெரும்பாலும் நம்மோடு. தவிரவும் அந்த நாட்டிலிருந்து எத்தனையோ பேர் நம் ஊர்களில் வந்து உழைக்கிறார்கள். நம் தெருவில் இரவு முழுவதும் விசில் ஊதிக்கொண்டு நடந்த காவல்காரரை நினைத்துப் பாருங்கள். ஓட்டல் சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கும் பையனை நினைத்துப் பாருங்கள். அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு போவது நாம் கொடுத்த சம்பளத்தைத்தான்.

வேறு தேசங்களிலும் இப்படி உண்டு. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்ற நாட்டில் விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறி, அரசாங்கம் நூறு லட்சம் கோடி டாலர் என்று ஒரே தாளில் அச்சடிக்கும் நிலை வந்தது. 2009-இல் சொந்தப் பணத்தைக் கைகழுவிவிட்டு, அமெரிக்க டாலரையும் தென்னாப்பிரிக்க ராண்டையும் வைத்து ஜனங்கள் வியாபாரம் செய்தார்கள். சில்லறைக் காசு அகப்படாமல், பாக்கிக்குப் பதிலாகக் கடைக்காரர்கள் மிட்டாய் கொடுத்தார்கள். பழைய பணத்தை 2015-இல் ஒரேயடியாக விலக்கிக்கொண்டபோது, அந்த நூறு லட்சம் கோடித் தாளுக்குக் கிடைத்தது நாற்பது அமெரிக்க சென்ட். அங்கே சொந்த அரசாங்கத்தின் வாக்குப் பொய்த்ததால் அயலார் வாக்கை நம்பினார்கள். நேபாளத்தில் அப்படியில்லை. அங்கே சொந்த வாக்கும் பிழைத்திருந்தது. அயலார் வாக்கையும் நம்பினார்கள். இரண்டு வீட்டுக்காரர்களின் கைமாற்றுச் சீட்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தார்கள் என்று சொல்லலாம்.

அந்த டப்பாவைத்தான் நான் முக்திநாத்தில் பார்த்தேன்.

*

வைஷ்ணவர்கள் சேவிக்க ஆசைப்படும் திவ்ய தேசங்கள் நூற்றெட்டு. அவற்றில் இரண்டு இந்தப் பூமியில் இல்லை. மற்ற நூற்றாறில் இந்தியாவுக்கு வெளியே இருப்பது திருச்சாளக்கிராமம் எனப்படும் முக்திநாத் ஒன்றுதான். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,700 மீட்டர் உயரம். அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. அவள் பதினைந்து வருஷமாகச் சேர்த்த பணம் அது, துணைக்குத்தான் நான். போகராவிலிருந்து விடியற்காலையில் சின்ன விமானம். பகலில் காற்று கிளம்பிவிட்டால் விமானம் கிடையாது. ஜோம்சோமில் இறங்கி, ஜீப்பில் எலும்பெல்லாம் குலுங்கி, ராணிபவ்வா என்ற ஊரை அடைந்து, அங்கிருந்து கோயிலுக்கு ஏற்றம். அத்தை குதிரையில் போனாள். நான் பத்து அடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தேன். கோயிலுக்குப் பின்னால் மாட்டு முகம் வைத்த நூற்றெட்டுத் தூம்புகளிலிருந்து பனித் தண்ணீர் விழுகிறது. அத்தை ஒன்றையும் விடாமல் நூற்றெட்டிலும் நனைந்தாள். பௌத்தர்களுக்கும் அது புண்ணிய ஸ்தலம். நம் பட்டரும் பௌத்தத் துறவிப் பெண்ணும் ஒரே சந்நிதியில் நின்றதைப் பார்த்து, "இங்கே எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்குடா" என்றாள் அத்தை.

இறங்கி வரும் வழியில் பாதையோரமாகப் பெண்கள் கம்பளி மப்ளர் நெய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வயசான ஒருத்தியிடம் அத்தை ஒரு மப்ளரை எடுத்தாள். விலை நானூறு, என்.சி. அத்தை இந்திய நோட்டு மூன்று நூறு கொடுத்தாள். கிழவி வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, எண்பது நேபாள ரூபாயை எண்ணி வைத்தாள். காசுக்குக் காசு சரி. போகராவில் ஏமாந்த எனக்கு அந்த எண்பது ரூபாய் ஆறுதலாக இருந்தது.

நாங்கள் இந்தியர்கள் என்று தெரிந்ததும் கிழவி தறிக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தாள். டப்பாவுக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் மடிப்புக் கலையாத ஒரு நோட்டு. பழைய ஐந்நூறு ரூபாய், இந்திய நோட்டு. பிராத்மிக் பரீட்சையோடு நின்றுபோன என் இந்தி அவளிடம் பலிக்கவில்லை. கோஷ்டியோடு வந்த வழிகாட்டிப் பையன் மொழிபெயர்த்தான். 2016-ஆம் வருஷம், மழைக்காலம் முடிந்த சமயம், எங்களைப் போல யாத்திரை வந்த ஒருவர் இரண்டு மப்ளர் வாங்கிக்கொண்டு கொடுத்த நோட்டு அது. குளிர் காலத்தில் கீழே போகும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். கீழே போனபோது பாங்க்கில் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று முதல் இந்தியாவிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். எல்லோரும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

நானும் பார்த்தேன். திருப்பிக் கொடுத்தேன். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு எங்கள் அரசாங்கம் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்துவிட்டது, மாற்றிக்கொள்ள வைத்த கெடுவும் எப்போதோ முடிந்துவிட்டது, இது வெறும் தாள் என்று விளக்கினேன். பையன் சொல்லி முடிக்கும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் பல மொழிகளில் தொகை எழுதியிருக்கும் கட்டத்தை அவனிடம் காட்டி என்னவோ சொன்னாள்.

"என்ன சொல்லுகிறாள்?"

"'இதில் எங்கள் பாஷையிலும் ஐந்நூறு என்று எழுதியிருக்கிறதே. எழுதிக் கொடுத்ததை எப்படி இல்லை என்று சொல்வது?' என்று கேட்கிறாள், சார்."

வாங்கிப் பார்த்தேன். நம் நோட்டுகளில் எத்தனை வருஷமாகத் தமிழ் வரியை மட்டும் தேடிப் பார்த்திருக்கிறேன்! பதினைந்து வரிகள். பதின்மூன்றாவது தமிழ். ஒன்பதாவது நேபாளி. தமிழுக்கு நாலு வரி மேலே.

அது இந்தியாவில் வாழும் நேபாளி மொழிக்காரர்களுக்காக எழுதியது என்று எனக்குத் தெரியும். டார்ஜிலிங்கிலும் சிக்கிமிலும் உள்ளவர்களுக்காக. ஆனால் அதை அவளிடம் சொல்ல என் வாய் எழவில்லை. சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு நூறு ரூபாயை எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. ஒரு மப்ளரைக் காட்டி, "எடுத்துக்கொண்டு கொடு" என்று ஜாடை செய்தாள். பிச்சைக்கும் பாக்கிக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

அதுவரை பேசாமலிருந்த அத்தை, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை எடுத்து அவிழ்த்தாள். ஐந்து நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கிழவி கையில் வைத்தாள். பழைய நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை, ஒன்றும் செய்யவில்லை. மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வாடா, குளிர்றது" என்றாள்.

*

ஜீப்பில் நான் அத்தையோடு சண்டை பிடித்தேன். வாசகர்கள் சிரிக்கக் கூடாது, நியாயத்துக்காகத்தான்.

"அத்தை, அது செல்லாக் காசு. தெரிந்துதான் கொடுத்தீர்களா?"

"தெரியாம என்ன?"

"2017-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். ரிசர்வ் பாங்க்குக்கு இனிமேல் அதில் பொறுப்பில்லை. பத்துத் தாளுக்கு மேல் வைத்திருந்தால் குற்றம்."

"எங்கிட்ட ஒண்ணுதானேடா இருக்கு?"

என் கட்சியை இங்கே ஒழுங்காக எடுத்துவைக்கிறேன். அதிலும் நியாயம் இருக்கிறது.

முதலாவது, ஓர் அரசாங்கம் தன் நோட்டை ரத்துச் செய்யலாம். கள்ளக் கணக்கையும் கள்ள நோட்டையும் ஒழிக்கத்தான் அப்படிச் செய்வதாகச் சொன்னார்கள். செய்த முறை சட்டப்படி சரியா என்று கேட்டவர்களுக்கு, 2023 ஜனவரி 2-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சரி என்று தீர்ப்பும் ஆகிவிட்டது. இரண்டாவது, எல்லை திறந்து கிடக்கிறது. எல்லைக்கு அப்பால் உள்ள தாளையெல்லாம் கேள்வியில்லாமல் மாற்றித் தருவோம் என்றால், இங்கே மாற்ற முடியாத பெரிய மனிதர்கள் மூட்டை கட்டி அங்கே அனுப்பி, வெளுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பயம் வீணான பயம் அல்ல. மூன்றாவது, அயலான் பணத்தை வாங்குகிறவர் அதிலுள்ள அபாயத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். வேண்டாம் என்றால் சொந்தப் பணத்தையே கேட்டு வாங்கியிருக்கலாமே?

இவற்றில் மூன்றாவதுதான் பலருக்குச் சட்டென்று பிடிக்கும். எனக்கும் அன்று அதுதான் பிடித்திருந்தது. யோசிக்க யோசிக்க அதுதான் முதலில் விழுந்தது.

நோட்டு என்பது என்ன? நோட்டின் முகத்தில் ரிசர்வ் பாங்க் கவர்னர் கையெழுத்துப் போட்டு, இதைக் கொண்டுவருபவருக்கு இன்ன தொகை தருவதாக உறுதி கூறுகிறேன் என்கிறார். ஆகவே அது ஒரு கடன் சீட்டு. 2016-இல் ஒரு யாத்ரிகர் அந்தச் சீட்டைக் கொடுத்து இரண்டு மப்ளரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மப்ளர் நம் நாட்டுக்கு வந்து எந்தக் கழுத்திலோ சுற்றிக்கொண்டது. அதற்கு ஈடாக இங்கிருந்து ஒரு படி அரிசியோ ஒரு முழம் துணியோ அவள் கைக்குப் போய்ச் சேரும்வரை, நாம் விலை கொடுக்கவில்லை. கொடுப்பதாகச் சொல்லி மட்டும் இருக்கிறோம். அப்படிச் சொல்லிவிட்டு, சீட்டு செல்லாது என்று அறிவித்தால், மப்ளர் நமக்கு இனாம். அபாயம் முழுவதும் அவளுடையது என்றால், ஆதாயம் மட்டும் எப்படி நம்முடையதாயிற்று?

அந்தத் தாள் கள்ளத்தனமாகப் போனதும் அல்ல. 2015-இல் ரிசர்வ் பாங்க்கே, ஒருவர் 25,000 ரூபாய் வரை ஐந்நூறு, ஆயிரம் நோட்டுகளாக நேபாளத்துக்கு எடுத்துப் போகலாம், அங்கிருந்து கொண்டும் வரலாம் என்று அனுமதித்திருந்தது. சட்டப்படி போன தாள். ரத்தான பிறகு, நேபாளத்தில் தங்கிவிட்ட தாள்களை மாற்றிக்கொடுப்பது பற்றி இரு நாட்டு அதிகாரிகளும் பேசினார்கள். எவ்வளவு, எப்படி என்பதில் ஒத்துவரவில்லை. வருஷங்கள் போயின; கிழவியின் டப்பாவுக்கு ஒரு வழியும் பிறக்கவில்லை.

இரண்டாவது கட்சிக்கு வருகிறேன். பெரிய மனிதர்களின் மூட்டை வந்துவிடும் என்ற பயம். உள்நாட்டில் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டே பாங்க் வாசல்களைத் திறந்து வைத்தோம். ரத்தான 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி திரும்பி வந்துவிட்டது என்று ரிசர்வ் பாங்க் 2018-இல் கணக்குக் கொடுத்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல். பெரிய மூட்டைகளுக்கு வாசல் தெரிந்திருந்தது என்றுதானே அர்த்தம்? திரும்பாத சொச்சத்தில் ஒன்று அந்தத் தகர டப்பாவில் இருந்தது. திருடனைப் பிடிக்கச் சாத்திய கதவு, திருடனை வெளியே விட்டுவிட்டு மப்ளர் நெய்கிறவளை உள்ளே வைத்துப் பூட்டியது.

முதல் கட்சி சட்டம். சட்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சட்டம் தீர்த்துவைப்பது, கொடுக்காவிட்டால் தண்டனை உண்டா என்ற கேள்வியை. கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி அதற்குப் பிறகும் நின்றுகொண்டிருக்கிறது. நாம் 2016-இல் வரிசையில் நின்றோம், முணுமுணுத்தோம், கோர்ட்டுக்குப் போனோம், பத்திரிகையில் எழுதினோம், கோபம் தீராதவர்கள் தேர்தல் வரட்டும் என்று காத்திருந்தார்கள். நம்மை ஆளுகிறவர்கள் நம்மிடம் வாக்கைக் காப்பாற்ற ஆயிரம் காரணம் உண்டு. அந்தக் கிழவிக்கு நம் கோர்ட்டு இல்லை, நம் பத்திரிகை இல்லை, ஓட்டு இல்லை. அவளிடம் வாக்கைக் காப்பாற்ற ஒரே ஒரு காரணம்தான் உண்டு: வாக்குக் கொடுத்தோம் என்பது. ஒருவனுடைய சொல் எவ்வளவு கெட்டி என்று தெரிய வேண்டுமானால், அவனைத் தட்டிக் கேட்கக் கூடியவனிடம் விசாரிக்கக் கூடாது. தட்டிக் கேட்க முடியாதவனிடம் விசாரிக்க வேண்டும்.

நம் ரூபாய் இப்படி அயல் வீட்டில் வாழ்ந்தது இதுதான் முதல் தடவையும் அல்ல. ஒரு காலத்தில் பாரசீக வளைகுடா நாடுகளில் நம் ரூபாய்தான் கடைத்தெருப் பணம். 1959-இல் அந்த நாடுகளுக்கென்றே ரிசர்வ் பாங்க் தனி நோட்டு அச்சடித்துக் கொடுத்தது. குவைத் 1961-இலும் பஹ்ரைன் 1965-இலும் சொந்தப் பணத்துக்கு மாறிக்கொண்டன. மிச்சமிருந்தவர்கள் நம்மையே நம்பிக்கொண்டிருந்தபோது, 1966 ஜூன் 6-ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தோம். நமக்கு அதற்கான காரணங்கள் இருந்தன. ஆனால் முத்துக் குளித்தும் படகோட்டியும் ரூபாயில் சேர்த்து வைத்தவன் யாரும் அந்தக் காரணங்களைப் பற்றி யோசனை கேட்கப்படவில்லை. கத்தாரும் துபாயும் அதே வருஷத்தில் ரூபாயை விட்டு விலகின. சில வருஷங்களில் அந்தக் கரையில் நம் நோட்டே இல்லை என்றாயிற்று. நேபாளமும் 2018 டிசம்பரில், நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகள் தன் நாட்டில் கூடாது என்று தீர்மானித்தது. நாங்கள் போனபோது எங்கள் பைகளில் எல்லாம் நூறு ரூபாய்க் கட்டுகளாக இருந்ததற்கு அதுதான் காரணம். விதிகள் மாறும், இன்று கூடாது என்பதை நாளை கூடும் என்பார்கள். ஆனால் டப்பாவுக்குள் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவள், அடுத்த தடவை பெரிய நோட்டை வாங்குமுன் ஒரு கணம் தயங்குவாள். அந்தத் தயக்கத்தை எந்த விதியும் போக்க முடியாது.

*

இவ்வளவையும் நான் யோசித்தது பின்னால். அன்று ஜீப்பில் அத்தையிடம் நான் கடைசியாகப் பிடித்துக்கொண்ட வாதம் வேறு.

"சரி, கடன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பட்டது நீங்களா? சர்க்கார் பட்ட கடனை நீங்கள் தீர்த்தால், உண்மையான கடனாளி தப்பித்துக்கொள்கிறான். இன்னும் இப்படி எத்தனை பேரிடம் எத்தனை தாள் இருக்கிறதோ! எல்லோருக்கும் நீங்கள் கொடுக்க முடியுமா?"

இந்த வாதத்தில் எனக்கு ரொம்பப் பெருமை. இப்போதும் அதில் தப்புக் கண்டுபிடிப்பது சுலபமில்லை. தனி மனிதர்களின் தயவால் ஓர் அரசாங்கத்தின் கடமை தீர்ந்துவிடாது. தீர்ந்துவிட்டது என்று நாம் திருப்திப்பட்டுக்கொண்டால் அது கெடுதல்கூட. அத்தை இதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை.

"வாசல்லே கடன்காரன் வந்து நிக்கறப்போ, பெரியவன் குடுக்கணுமா சின்னவன் குடுக்கணுமான்னு உள்ளே உக்காந்து பஞ்சாயத்துப் பண்ணிண்டிருப்பாளா? கையிலே இருக்கறவா குடுக்கறது. அப்புறம் வேணும்னா நீ போய்ப் பெரியவன்கிட்ட வசூல் பண்ணு" என்றாள்.

அத்தைக்கு அரசாங்கம் என்பது ஒரு வீடு. தான் அந்த வீட்டு மனுஷி. வெளியே இருப்பவர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள். அந்தக் கிழவி எங்களிடம் நோட்டைக் காட்டியது நாங்கள் பணக்காரர்கள் என்பதற்காக அல்ல. நாங்கள் இந்தியர்கள் என்பதற்காக. அந்தப் பெயருக்காக நாம் எத்தனையோ இடத்தில் மார் தட்டிக்கொள்கிறோம். கிரிக்கெட் மாட்ச்சில் ஜெயித்தால் நாம் ஜெயித்தோம் என்கிறோம்; ராக்கெட் விட்டால் நாம் விட்டோம் என்கிறோம். ஐந்நூறு ரூபாய்ப் பாக்கி என்று ஒருத்தி வந்து நின்றால் மட்டும், அது சர்க்கார் சமாசாரம் என்று சொல்லத் தோன்றுகிறது. வரவில் 'நாம்', செலவில் 'அவர்கள்'. இரண்டு பணம் வைத்துக்கொண்டு சௌகரியமானதை எடுத்து நீட்டும் கடைக்காரரைப் பற்றி மேலே குறை சொன்னேன். நானும் இரண்டு நாணயம் வைத்துக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

அத்தையின் பிரபந்தப் புத்தகத்துக்குள் அந்தத் தாள் இருக்கிறது. போன மாதம் அவளைப் பார்க்கப் போனபோது அதை எடுத்துக் காட்டி, "வசூல் பண்ணிட்டியாடா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நான் செய்யக்கூடிய வசூல், இப்படி ஒரு கட்டுரை எழுதுவதுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் அத்தையிடமும் சொல்லவில்லை. ஜோம்சோமுக்குத் திரும்பியதும் விடுதி அறையில் என் சட்டைப் பையிலிருந்த பணத்தை எண்ணிப் பார்த்தேன். நூறு ரூபாய் நோட்டுகள் பதினொன்று இருந்தன.